உள்ளே இடம் விட்ட எழுத்து

நிவேதாவுக்கும் ரியாஸுக்கும், நம் போர்டு கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும்.

கண்ணீர் அஞ்சலி பேனர் விஷயம் என் காதுக்கும் வந்தது. பரமக்குடி பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். படத்தையும் பெயரையும் கொடுத்து, உடனே வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் கடைசியாக எந்த எழுத்து இருந்ததோ அதிலேயே ரியாஸ் பெயரை அடித்துவிட்டான். அதற்கு முன் செய்த வேலை சர்பத் கடை போர்டு. அதனால் செத்தவர் பெயர் பணியார எழுத்தில் வந்துவிட்டது.

பேனரை விரித்ததும் அவருடைய மருமகன் கேட்டாராமே, "ஏம்ப்பா, எங்க மாமா செத்துட்டாரா, இல்ல ஊருக்கு சர்க்கஸ் வருதா?" என்று.

செத்த வீட்டு விஷயத்தில் சிரிக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேறு எழுத்தில் அடித்துக் கொடுத்தீர்கள். அதோடு அது முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து நீங்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்களாம். பணியார எழுத்து என்றால் ஐஸ்கிரீம், சர்பத், பிறந்தநாள், பொருட்காட்சி. சிரிக்கிற வேலைக்கு மட்டும். முதலாளி சொன்னார். "ஒரு நா வந்து பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க பெயிண்டரே" என்றார்.

எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

பணியார எழுத்தைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் தடித்திருக்கும். வயிறு உப்பியிருக்கும். முனையெல்லாம் உருண்டிருக்கும். கூர் என்று எங்கேயும் இருக்காது. குழியில் ஊற்றிய மாவு வெந்து எழும்புகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிற்கும். அதனால் கடையில் அதற்கு அந்தப் பெயர். நீங்கள் ரெட்ரோ என்கிறீர்கள். சரி.

நான் அதைக் கையால் எழுதியவன். முதலில் வெளிக்கோடு. எழுத்தின் இரண்டு பக்கமும் கோடு ஓடி வந்து சேர்ந்தால் நடுவில் வெற்றிடம் நிற்கும். பிறகு அதைப் பெயிண்ட் வைத்து நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே தட்டில் செய்துவிடுகிறது. கோட்டுக்கும் நிரப்புவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்ல வந்தது அந்த நேரத்தைப் பற்றி.

பாம்பனில் சூசை என்று ஒருவர். விசைப்படகு வைத்திருந்தார். மனைவி அந்தோணியம்மாள். ஒரே பெண், மரியமலர். அந்தப் பெண் நடை பழகிய சமயத்தில்தான் படகு வாங்கினார்கள். பெண் பெயரையே படகுக்கு வைத்தார்கள். எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கடல்கரை ஆள் இல்லை. நயினார்கோவில் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். கடலைக் கண்டால் இன்றைக்கும் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். அன்றைக்கும் தள்ளி நின்றுகொண்டு, "மெல்லிசா, அழகா எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

அந்தோணியம்மாள்தான் பதில் சொன்னார். "அழகெல்லாம் வேணாண்ணே. ஆள் மூஞ்சி தெரியிறதுக்கு முன்னாடி பேரு தெரியணும். வாரது எது, நம்மளுதா, அடுத்தவுகளுதான்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போகுது."

தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்றால் தடித்த எழுத்து. அதற்காகக் கண்டபடி தடிக்கவும் கூடாது. ம, ய, ல மூன்றுக்கும் உள்ளே இருக்கிற பள்ளம் அடைந்துபோனால் தூரத்தில் அது எழுத்தாகத் தெரியாது, கறையாகத் தெரியும். அளவு பார்த்துப் பணியார எழுத்தில் எழுதினேன். வெள்ளைப் பட்டைமேல் சிவப்பு.

பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "ஏலே சூசை, மீன் புடிக்கப் போறியா, குச்சி ஐஸ் விக்கப் போறியா?"

"ரெண்டுந்தான். ஒனக்கு எது வேணும்?" என்றார் சூசை.

அந்தக் கரையில் அப்போது அப்படி ஒரு எழுத்து கிடையாது. சிரித்தார்கள். சிரித்தவர்களின் வீட்டுப் பெண்கள் அடுத்த வருஷம் அதே எழுத்துதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தோணியம்மாளுக்கு ஒரு பழக்கம். படகு திரும்பும் நேரம் கரைக்கு வந்து நிற்பார். படகு கிட்டே வரவர, பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசிப்பார். ம. ரி. ய. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி. கடைசி எழுத்தை வாசித்து முடித்ததும் திரும்பி நடந்துவிடுவார். வீட்டுக்குப் போய் உலை வைப்பார். படகு கரை சேரும்வரைகூட நிற்க மாட்டார். பெயரை முழுசாக வாசித்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அந்தக் கரைக்கே அது தெரியும். "அந்தோணியம்மா வாசிச்சாச்சு, சூசை வந்துட்டான்" என்பார்கள்.

நான் எத்தனையோ போர்டு எழுதியிருக்கிறேன். ராமநாதபுரத்தில் நகைக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ராமேஸ்வரத்தில் லாட்ஜுகளுக்கு. எழுதியதை ஒருவர் இப்படி வாசித்து நான் பார்த்ததில்லை.

மரியமலர் பள்ளிக்கூடம் முடிக்கும் சமயம் ஒரு தடவை படகு திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சில வாரம் ஜெயில். பிறகு ஆட்களை விட்டார்கள். விமானத்தில் சென்னைக்கு வந்து, வேனில் ஊர் வந்தார்கள். படகை விடவில்லை.

"போறப்ப படகு, வாரப்ப ஏரோப்ளேனு. பெரிய மனுசனாயிட்டேன்" என்று சூசை எல்லோரிடமும் சொன்னாராம். அந்தோணியம்மாளும் சிரித்தாராம். மீன் வாங்கிக் குழம்பு வைத்தாராம். ஆனால் மறுநாள் படகுகள் திரும்பும் நேரம் எப்போதும்போலக் கரைக்குப் போய் நின்றிருக்கிறார்.

"ஆளுதான் வந்தாச்சே, இன்னும் என்னத்தப் பாக்குற?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"பேரு வரலையே" என்றாராம்.

அதற்குப் பிறகு சூசை அடுத்தவர் படகுக்குப் போனார். அந்தோணியம்மாள் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்தவர் படகுகளின் பெயரை அவர் வாசிப்பதில்லை. பார்ப்பார். கடைசிப் படகு வந்ததும் திரும்பிவிடுவார்.

மரியமலர் காலேஜில் இருக்கும்போது சூசை பழைய படகு ஒன்றை வாங்கினார். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். படகுகள் எல்லாம் மராமத்து முடிந்து வரிசையாக நின்றன. மறுநாள் விடியலில் எல்லோரும் கடலுக்குப் போக வேண்டும். அன்று சாயங்காலம் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து அந்தப் படகை மந்திரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. பெயர் எழுதாத படகை அங்கே மந்திரிக்க விட மாட்டார்கள். சாமியாருக்கு அதில் ஒன்றும் இல்லை. கரைக்குத்தான் பிடிவாதம்.

மதியம் போய் இறங்கினேன். மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

"பழைய பேருதான் பெயிண்டரே. பழைய எழுத்து. அதே செவப்பு" என்றார் சூசை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஏன் தாழ்த்தினார் என்று நான் கேட்கவில்லை.

காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு ஆறு எழுத்துக்கும் வெளிக்கோடு போட்டு முடித்தேன். நிரப்புவதற்காகச் சிவப்பு டப்பாவின் மூடியைத் திறந்தேன். அப்போது அந்தோணியம்மாள் வந்தார். பின்னாலேயே மகளும் வந்தது.

படகுக்கு அந்தோணியார் பெயர் வைக்கப் போவதாகத்தான் சூசை வீட்டில் சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தோணியம்மாள் நின்று பார்த்தார். பிறகு வாசித்தார். ம. ரி. ய. ம. ல. கடைசி எழுத்தை வாசிக்கவில்லை.

"அழிச்சுருங்கண்ணே" என்றார்.

"ஏன் அழிக்கணும்?" என்றார் சூசை.

"அந்தப் பேருல ஒருத்தி வெளிய நிக்கிறா. இன்னும் வீடு வந்து சேரல. அதுக்குள்ள அவ பேர இன்னொருத்திக்குத் தூக்கிக் குடுப்பீகளோ?"

"அது மரக்கட்ட, புள்ள."

"மரக்கட்டைக்கு எதுக்கு எம் மக பேர வச்சீக?"

மரியமலர் குறுக்கே வந்தது. "யம்மா, அது என் பேரு. என்னைய ஒருத்தரும் கேக்கல."

"ஒன்னைய யாருடி கேக்குறது? சும்மா கெட."

"பாத்தீகளா மாமா" என்று என்னிடம் திரும்பியது அந்தப் பெண். "இவுகளுக்குப் படகுதான் மூத்த பிள்ள. நான் அதுக்குப் பொறவு வந்தவ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சூசை சொன்னார். "வேற பேருன்னா எனக்குக் கால் வராது. நான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது அந்தப் பேருலதான். புடிச்சுக்கிட்டுப் போனப்பக்கூட உசுரோட வந்தேன்ல?"

அந்தோணியம்மாள் சத்தம் போடவில்லை. "நாளைக்கழிச்சு இது திரும்பி வரும். நான் கரையில நின்னு வாசிக்கணும். வாசிச்சு முடிச்சா என்ன அர்த்தம்? எல்லாம் வந்தாச்சுன்னு அர்த்தம். எல்லாம் வந்தாச்சா? நான் பொய்யா வாசிச்சுட்டுப் போயி ஒலை வைக்கவா?" என்றார்.

மணல் படகில் அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் சாமியாரின் மோட்டார் பைக் வந்துகொண்டிருந்தது. நிரப்பு என்று ஒருவர் நிற்கிறார். அழி என்று ஒருவர் நிற்கிறார். பிரஷ்ஷில் சிவப்பு சொட்டுகிறது. திறந்த டப்பாவில் மணல் விழுகிறது.

உங்களுக்கும் இப்படி வரும். வேலை கொடுத்தவர் ஒருவராக இருப்பார். அதை வாசிக்கப் போகிறவர் வேறு ஒருவராக இருப்பார். இரண்டு பேரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யார் சொல்வது நியாயம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நம் கை எதைச் செய்தால் பிறகு திருப்ப முடியாது என்று மட்டும் பாருங்கள். நிரப்பினால் திருப்ப முடியாது. அழித்தாலும் திருப்ப முடியாது.

நான் டப்பாவை மூடினேன். பிரஷ்ஷைத் துணியில் துடைத்தேன்.

"முடிஞ்சது" என்றேன்.

"என்னய்யா முடிஞ்சது? உள்ள வெறுசா கெடக்கு" என்றார் சூசை.

"கெடக்கட்டும். பேரு இருக்கு."

"இது எந்த ஊரு வேல?"

நான் அந்தோணியம்மாளிடம் சொன்னேன். "உள்ள எடம் விட்டிருக்கு தங்கச்சி. அவ வந்து சேர்ந்த அன்னிக்குச் சொல்லி விடுங்க. வந்து நெறப்பித் தாரேன்."

அவர் படகுக்குக் கிட்டே போனார். ஒரு எழுத்தின் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். வெள்ளைதான். பெயிண்ட் ஒட்டவில்லை.

"இது முழுப் பேரா, அரைகுறையா?" என்று கேட்டார்.

"வாசிக்கிறவுக நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"அரைகுறை."

"அப்ப அரைகுறையா வாசிங்க."

அதற்குள் சாமியார் வந்து இறங்கிவிட்டார். அந்தோணியம்மாள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதுதான் சம்மதம்.

சாமியார் புதுசாக வந்த இளவயசுக்காரர். எழுத்தைப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் பத்தலையா?" என்றார்.

"பெயிண்ட் இருக்கு சாமி. ஆளுதான் ஒண்ணு கொறையுது" என்றார் சூசை.

இதை மெல்லிய எழுத்தில் செய்ய முடியாது. மெல்லிய எழுத்து ஒரே இழுப்பு. எழுதினால் எழுதியதுதான். இருக்கும், அல்லது இருக்காது. பணியார எழுத்துக்கு மட்டும்தான் உடம்பு இருக்கிறது. உடம்பு இருப்பதால் உள்ளே இடம் இருக்கிறது. விளையாட்டு எழுத்து என்று எல்லோரும் சிரித்த எழுத்துதான் அன்றைக்கு அந்த வீட்டைத் தாங்கியது. ரியாஸ், பேனரில் நீ எடுத்தது தப்பான எழுத்து இல்லை. யாருக்கு என்று கேட்காமல் எடுத்ததுதான் தப்பு.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடைக்காலத்துக்கும் போவேன். உப்புக் காற்றில் மங்கிய வெளிக்கோட்டைப் புதுப்பிப்பேன். உள்ளே தொட மாட்டேன். சிவப்பு டப்பாவை மட்டும் ஒவ்வொரு தடவையும் பையில் எடுத்துப்போவேன். திரும்பக் கொண்டுவருவேன். கரையில் கிண்டல் ஓயவில்லை. "சூசை படகுக்குச் சத்துப் பத்தல, எலும்புதான் இருக்கு" என்பார்கள். அந்தோணியம்மாள் கரையில் நின்று வாசிப்பதாகவும், கடைசி எழுத்தில் குரலை விழுங்கிவிடுவதாகவும் மகள் ஒருமுறை சொன்னது. உலை வைப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு சமயம் பிடிபட்ட படகுகளைப் போய்ப் பார்த்து வருவதற்குப் படகுக்காரர்கள் சிலருக்கு அனுமதி கிடைத்தது. சூசையும் போனார்.

வந்த கொஞ்ச நாளில் ராமநாதபுரத்துக்கு, நம் கடைக்கு, பஸ் ஏறி வந்தார். அதுவரை அவர் கடைக்கு வந்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

"பாத்தேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒரு கழிமுகம். சேறு. எல்லாப் படகையும் ஒண்ணுமேல ஒண்ணா நெருக்கி விட்டிருக்காக. நம்மளுது ஒரு பக்கமா ஒக்காந்து போச்சு. மேல கம்பி கிம்பி ஒண்ணும் இல்ல. பேரு தெரியுது. பாதி தெரியுது. கீழ்ப்பாதி சேத்துக்குள்ள போயிருச்சு." டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க எழுதுன எழுத்து பெருசுல்ல. அதான் பாதியா இருந்தும் வாசிக்க முடிஞ்சது. இல்லாட்டி நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். பாக்காமலே வந்திருப்பேன்."

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "இனி அது வராது. எடம் விட்டு வச்சு என்ன பண்ண? நீங்க வந்து நெறப்பிருங்க."

"வீட்ல சொல்லியாச்சா?"

"இல்ல."

"கேட்டிருப்பாகளே?"

"கேட்டா. கூட்டத்துல சரியாத் தெரியலன்னுட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீங்க நெறப்புனா போதும் பெயிண்டரே. கரைக்கு வருவா, பாப்பா. அவளே தெரிஞ்சுக்குவா. நான் வாயத் தொறக்க வேண்டியதில்ல."

அவர் கடலில் புயலைப் பார்த்தவர். ஜெயிலைப் பார்த்தவர். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு முடியவில்லை. என் பிரஷ்ஷைச் சொல்லச் சொன்னார்.

நம் தொழிலில் இது நிறைய உண்டு. சுவரில் இருக்கும் போஸ்டரைப் பார்த்துத்தான் ஒருவர் செத்ததைத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ தெரியாத ஆள் என்றால் சரி. புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டியதை எழுத்து சொல்லக் கூடாது. நாம் எழுதிவிட்டு வந்துவிடுவோம். வாசித்தவர் பக்கத்தில் அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

"மாட்டேன் சூசை" என்றேன். "மொதல்ல நீங்க சொல்லுங்க. பொறவு அவுக சொல்லட்டும். அவுக சொன்னா வாரேன்."

"ஒங்கள வேலைக்குக் கூப்டது நான்."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"எடம் விட்டது அவுகளுக்கு."

கோபமாகத்தான் எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது. இனிக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். எழுத முடியாது என்று நான் வேலையை விட்டது அது ஒன்றுதான்.

அடுத்த தடைக்காலத்தில் கூப்பிட்டார்கள். போனில் பேசியது அந்தோணியம்மாள். "வாங்கண்ணே. செவப்பு எடுத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். படகு கரையில் ஏற்றி வைத்திருந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள். சூசை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. எப்போது, எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நமக்குத் தேவையில்லாதது.

நான் டப்பாவைத் திறந்தேன். முதல் எழுத்தின் மேல் முனையில் பிரஷ்ஷை வைக்கப் போனேன்.

"இருங்கண்ணே" என்றார் அந்தோணியம்மாள். சூசையிடம் திரும்பினார். "எதுவரைக்கும் முங்கிருக்கு?"

"என்னது?"

"அங்கன. பேரு எதுவரைக்கும் சேத்துக்குள்ள இருக்கு? கைய வச்சுக் காட்டுங்க."

சூசை படகுக்குக் கிட்டே போனார். எழுத்தைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். முதல் எழுத்தின் நடுவில், கொஞ்சம் கீழே, கையைப் படுக்கையாக வைத்தார். "இம்புட்டு."

"அதுவரைக்கும் நெறப்புங்கண்ணே."

"என்னடி கோலம் இது?" என்றார் சூசை. "ஊரு சிரிக்கும்."

"ஊரு எப்பத்தான் சிரிக்கல? முங்குனது முங்குனதுதான். அத நான் ஒத்துக்கிட்டேன். மேல் பாதி இன்னும் வெயில்லதான கெடக்கு? நீங்கதான சொன்னீக, வாசிக்க முடிஞ்சதுன்னு? அத எதுக்கு நான் இப்பவே மூடணும்?"

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

சுண்ணாம்பு நூல் எடுத்தேன். ஒரு முனையைச் சூசை பிடித்தார். மறு முனையை அந்தோணியம்மாள் பிடித்தார். ஆறு எழுத்துக்கும் குறுக்கே நூலை இழுத்து அடித்தேன். நேராக ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே சிவப்பை நிரப்பினேன். ம, ய, ல எல்லாம் அடி அகன்ற எழுத்துகள். அந்த அடிகள் நிரம்பின. கோட்டுக்கு மேலே வெள்ளையாக விட்டேன்.

பிறகு அந்தோணியம்மாள் தள்ளிப் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தார். வாசித்தார். கடைசி எழுத்தையும் வாய்விட்டு வாசித்தார். சூசை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகும் சில வருஷம் போய் அதே மாதிரி எழுதிக் கொடுத்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. போவதை நிறுத்திக்கொண்டேன். இப்போது கடையிலிருந்து வேறு ஆள் போகிறார். நூல் அடிக்கிற உயரத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ராமநாதபுரம் ரோட்டு ஓரத்தில் நிற்கும்போது எதிரே வருகிற வேனின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிறேன். யாரும் வர வேண்டியதில்லை. ஆனாலும் கடைசி எழுத்து வரும்வரை நிற்கிறேன்.

இனி நிவேதாவுக்கு.

ராமேஸ்வரத்தில் புதிதாகத் திறந்த காபி கடைக்கு நீ செய்த போர்டைப் பார்த்தேன். நல்ல வேலை. கடைக்காரர் பாம்பனில் ஒரு படகைப் போட்டோ எடுத்து வந்து, இதே மாதிரி வேண்டும் என்று காட்டினார் என்றாய். பணியார எழுத்து, கீழ்ப்பாதி நிரப்பி, மேல்பாதி வெள்ளை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள் என்றாய். இப்போது இன்னும் இரண்டு பேர் அதையே கேட்கிறார்கள், ஒரு ஹோம்ஸ்டே, ஒரு கருவாட்டுப் பாக்கெட். அந்த ஸ்டைலுக்கு என்ன பேர் வைக்கலாம் அண்ணே என்று என்னிடம் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. எழுத்து வெயிலில் இருப்பது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். பேரையும் நீயே வை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. போன வாரம் அந்தோணியம்மாள் போன் செய்தார். பேரனுக்குக் காது குத்த ராமேஸ்வரத்துக்குப் போயிருக்கிறார்கள். வழியில் அந்தக் கடை போர்டைப் பார்த்திருக்கிறார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாராம். எழுத்து எழுத்தாக வாசித்தாராம்.

"அண்ணே, நம்மள மாதிரியே பாதி நெறப்பி எழுதியிருக்காகண்ணே" என்றார். "பாவம். அவுகளுக்கு என்ன முங்கிப் போச்சோ தெரியல. கேக்கலாம்னு பாத்தேன், மருமகன் அவசரப்படுத்திட்டாரு."

அது நம் கடை வேலை என்று நான் சொல்லவில்லை.

"அடுத்த தடவ போறப்ப உள்ள போயி விசாரிச்சுட்டு வரணும்" என்றார்.

நிச்சயம் போவார். எனக்கு அவரைத் தெரியும். போய் அந்தக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

அதற்குள் நீ போய்க் கடைக்காரரைப் பார்த்துவிடு, நிவேதா. விஷயத்தைச் சொல். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் இரண்டு பேரும்தான் யோசிக்க வேண்டும். சிரிக்க மட்டும் வேண்டாம் என்று சொல். உட்கார வைத்து ஒரு காபி கொடுக்கச் சொல்.